மூன்று சொட்டு நேர்வாள எண்ணெய்



முகத்தோலை உரித்துப் புதுப்பிக்கும் 'கெமிக்கல் பீல்' பற்றிய பேச்சில் நேர்வாளத்துக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். சித்த வைத்தியத்தோடு பழக்கம் உள்ள வீடுகளில் அந்த விதையின் பெயரைச் சொன்னாலே வயிறு கலங்கும். அவ்வளவு கடுமையான பேதி மருந்து அது. முறைப்படி சுத்தி செய்யாமல் எந்த வைத்தியரும் அதைக் கொடுக்கமாட்டார். அதன் எண்ணெய் தோலில் பட்டால் எரிந்து, சிவந்து, கொப்புளிக்கும். அந்த எண்ணெயில் வெறும் மூன்று சொட்டுதான் கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் மிக ஆழமான முகத்தோல் உரிப்புச் சிகிச்சைக்கு உயிர்நாடியாக இருந்தது. அதைத் தினமும் கையாண்ட மருத்துவர்கள் பலருக்கே அந்த உண்மை நாற்பது ஆண்டுகள் வரை பிடிபடவில்லை.

கதை அமெரிக்காவின் மயாமி நகரத்தில் தொடங்குகிறது. 1960-களின் தொடக்கத்தில் தாமஸ் பேக்கர், ஹோவர்ட் கார்டன் என்ற இரண்டு பிளாஸ்டிக் சர்ஜன்கள் முகச் சுருக்கங்களை அகற்ற ஒரு கலவையை வெளியிட்டார்கள். 88 சதவீத ஃபீனால் 3 மில்லி, குழாய்த் தண்ணீர் 2 மில்லி, செப்டிசால் என்ற திரவ சோப்பு 8 சொட்டு, க்ரோட்டன் எண்ணெய் 3 சொட்டு. கடைசியாகச் சொன்ன க்ரோட்டன் எண்ணெய்தான் நேர்வாள எண்ணெய். எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடொன்று சேராது என்பதால், பஞ்சைத் தோய்க்கும் ஒவ்வொரு முறையும் கலவையைக் கலக்கிவிட வேண்டும். மறந்தால் முதல் கன்னத்துக்கு ஒரு மருந்தும் இரண்டாம் கன்னத்துக்கு வேறு மருந்தும் போய்ச் சேரும்.

ஃபீனால் புதிய பொருள் அல்ல. கார்பாலிக் அமிலம் என்ற பழைய பெயரில் அதை எல்லோருக்கும் தெரியும். 1865-ல் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் எலும்பு முறிந்த காயத்தில் சீழ் பிடிக்காமல் இருக்க ஊற்றிக் கட்டியது அதைத்தான். கிருமியைக் கொல்வது தோலையும் சுடும் என்பதை மருத்துவர்கள் சீக்கிரமே கவனித்தார்கள். வியன்னாவில் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா மங்கு என்ற பழுப்புத் திட்டையும் புள்ளிகளையும் போக்கக் கடுமையான அமிலங்களையும் க்ரோட்டன் எண்ணெயையும் பயன்படுத்திப் பார்த்தார். ஹாம்பர்க்கின் பால் கெர்சன் உன்னா 1882-ல் சாலிசிலிக் அமிலம், ரெசார்சினால், ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம், ஃபீனால் ஆகியவை தோலில் என்ன செய்கின்றன என்று எழுதிவைத்தார். இன்று மருத்துவமனை அலமாரியில் இருக்கும் புட்டிகளில் பாதி, அந்தப் பட்டியலில் அப்போதே இருந்தவை.

அதன் பிறகு இந்தக் கலை மருத்துவர் கையை விட்டு நழுவி வேறு கைகளுக்குப் போனது. முதல் உலகப் போரில் வெடிமருந்து சிதறி முகம் கருகிய வீரர்களுக்குப் பிரான்சில் ஃபீனால் பூசியிருக்கிறார்கள். அங்கிருந்து அந்தச் செய்முறை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்துசேர்ந்ததாகச் சொல்வார்கள். ஹாலிவுட் வளர்ந்துகொண்டிருந்த காலம். மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத சிலர், ரகசியக் கலவையை வைத்துக்கொண்டு, வயதாகிவரும் முகங்களைத் தனி வீடுகளில் உரித்துச் சம்பாதித்தார்கள். மயாமியிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் போய்த் திரும்பியவர்களின் முகத்தைக் கண்டு டாக்டர்கள் வியந்தார்கள். தாங்கள் கத்தியால் இழுத்துத் தைத்தும் போகாத உதட்டோரச் சுருக்கம் இங்கே மறைந்திருந்தது. பேக்கரும் கார்டனும் செய்தது, அந்தப் பாமரக் கலையை மருத்துவப் பத்திரிகைக்குள் கொண்டுவந்ததுதான். இதில் அவர்களுக்குக் குறைவு ஒன்றும் இல்லை. ரகசியமாக இருந்ததை அளவோடு எழுதி அச்சிட்டதே பெரிய காரியம்.

ஆனால் விளக்கம் தவறிவிட்டது. தோலை உரிப்பது ஃபீனால், க்ரோட்டன் எண்ணெய் அதற்கு ஒரு துணை என்று எல்லோரும் நம்பினார்கள். அதோடு விசித்திரமான இன்னொரு கொள்கையும் சேர்ந்துகொண்டது: கெட்டியான ஃபீனால் மேல்தோலை உடனே உறையவைத்துத் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும், நீர்த்த ஃபீனால்தான் ஆழமாகப் போகும் என்றார்கள். பாடப்புத்தகங்கள் அதைத் திருப்பித் திருப்பி அச்சிட்டன. 2000-ல் லாஸ் வேகஸைச் சேர்ந்த பிளாஸ்டிக் சர்ஜன் கிரெகரி ஹெட்டர் தொடர் கட்டுரைகளில் இதைப் போட்டு உடைத்தார். ஃபீனாலின் வலிமையையும் க்ரோட்டன் எண்ணெயின் அளவையும் தனித்தனியாக மாற்றிப் பூசி, புண் ஆற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார். எண்ணெய் கூடக்கூட உரிப்பும் ஆழமானது. ஆறும் நாட்களும் கூடின. எண்ணெய் இல்லாத வெறும் ஃபீனால் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நீர்த்த ஃபீனால் ஆழமாகப் போகும் என்பதும் பொய்த்தது.

மூன்று சொட்டு என்பது கேட்கச் சிறியது. பத்து மில்லிகூட இல்லாத அந்தக் கலவையில் அது சுமார் 2 சதவீதம். ஹெட்டர் வழியில் வந்த பிற்காலக் கலவைகளில் எண்ணெய் இதைவிட வெகு குறைவு. இமைக்கும் கழுத்துக்கும் 0.1 சதவீதம் வரைகூட இறக்கியிருக்கிறார்கள். அதாவது, நாற்பது ஆண்டுகளாக எல்லா முகத்துக்கும் ஒரே கடும் மருந்து போய்க்கொண்டிருந்தது. சொட்டு என்பது ஓர் அளவே அல்ல என்பது தனிச் சங்கடம். துளிக்குழாயின் வாய் அகன்றிருந்தால் சொட்டும் பெரிதாகும். ஒரு சொட்டு கூடினால் எண்ணெயின் பங்கு மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும்.

அந்தப் பழைய சிகிச்சைக்கு ஆளானவர்கள் கொடுத்த விலை இரண்டு. முதலாவது இதயம். ஃபீனால் தோல் வழியே ரத்தத்தில் கலக்கும். முகம் முழுவதும் வேகமாகப் பூசினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். 1979-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், அரை மணி நேரத்துக்குள் முகத்தின் பெரும்பகுதியை முடித்தவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இந்தத் தடுமாற்றம் வந்தது. அதனால்தான் இன்றும் ஃபீனால் பீல் செய்பவர்கள் நெற்றி, ஒரு கன்னம், மறு கன்னம் என்று பகுதி பகுதியாக, நடுவில் கால் மணி நேரம் காத்திருந்து, சலைன் ஏற்றிக்கொண்டு, இ.சி.ஜி. திரையைப் பார்த்தபடியே பூசுகிறார்கள்.

இரண்டாவது விலை நிறம். ஆழமாக உரிந்த இடத்தில் நிறம் தரும் செல்கள் முடங்கிப்போய், முகம் பளிங்குபோல வெளுத்துவிடும். தாடைக்குக் கீழே கழுத்தின் இயல்பான நிறம், மேலே வெள்ளை முகமூடி, நடுவே கோடு. வெள்ளைக்காரப் பெண்கள் அந்தக் கோட்டை மேக்கப்பால் மறைத்துக் காலம் தள்ளினார்கள். நம்முடைய தோலில் அதே மருந்தைப் பூசினால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இனி, பீல் என்றால் உண்மையில் என்ன என்பதற்கு வரலாம். புளி போட்டுத் தேய்த்ததும் பித்தளைக் குடம் பளிச்சென்று ஆகிறதல்லவா, அப்படி அமிலம் முகத்தின் அழுக்கையும் கருமையையும் வழித்தெடுத்துவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். விளம்பரங்களும் அந்த நினைப்பைத் தடவிக்கொடுக்கின்றன. குடத்துக்கு உயிர் இல்லை, தோலுக்கு உண்டு. பீல் என்பது தெரிந்தே, அளந்து செய்யும் காயம். அழகு வருவது அமிலத்தால் அல்ல, அந்தக் காயத்தை உடல் ஆற்றும் விதத்தால். மேல்தோல் சாதாரணமாகவே ஒரு மாதத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அடியில் பிறக்கும் செல் மேலே வந்து காய்ந்து உதிர நாலைந்து வாரம் ஆகும். லேசான பீல் இந்தச் சுழற்சியை முடுக்கிவிடுகிறது. ஆழமான பீல் உள்தோல் வரை சுட்டு, அங்கே புதிய கொலாஜன் உருவாகும்படி செய்கிறது. லேசானது இறங்கும் ஆழம் சுமார் 0.06 மில்லிமீட்டர், நடுத்தரம் 0.45, ஆழமானது 0.6 அல்லது சற்று மேல். சிகிச்சையும் விபத்தும் இந்த அரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன.

நடுத்தர ஆழத்தின் ராஜா ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம். மருத்துவர்கள் சுருக்கமாக டி.சி.ஏ. என்பார்கள். இதைப் பூசியதும் தோல் வெண்மையாக உறையும். 'ஃப்ராஸ்ட்' என்று அதற்குப் பெயர். முட்டையின் வெண்கரு சூட்டில் உறைவதுபோலத் தோலின் புரதம் உறைவதுதான் அது. சிவப்பின் நடுவே அங்கங்கே வெண்மை என்றால் மேலோட்டம். வெண்மைக்குள் சிவப்பு தெரிந்தால் நடுத்தரம். சிவப்பே தெரியாத கெட்டி வெண்மை என்றால் ஆழம். கையில் கருவி எதுவும் இல்லாமல் நிறத்தைப் பார்த்தே ஆழத்தைக் கணிக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினாலும் ஏற்கெனவே உறைந்தது திரும்பாது. அதனால் ஒரு பூச்சு பூசி, சில நிமிடம் பொறுத்து, வெண்மை எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த பூச்சுக்குப் போவார்கள். அவசரக்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பருவால் வந்த குழித் தழும்புகளுக்கு இதே டி.சி.ஏ.வை வேறு மாதிரியும் பயன்படுத்துகிறார்கள். ஊசியால் குத்தியதுபோல ஆழமாக, ஒடுங்கி இருக்கும் குழிகளுக்குள் மட்டும், கூர்மையாக்கிய குச்சியின் நுனியால் 65 முதல் 100 சதவீத அமிலத்தைத் தொட்டுவைப்பது. 2002-ல் கொரிய மருத்துவர்கள் எழுதிய முறை. முகம் முழுவதும் பூசினால் பேராபத்தாகும் அதே வலிமை, குழிக்குள் ஒரு புள்ளியாக வைக்கும்போது அடியிலிருந்து கொலாஜனை வளர்த்துக் குழியை மேடேற்றுகிறது. குச்சி குழியின் விளிம்பில் பட்டால் குழி இன்னும் அகலமாகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பீல் மருந்துகளில் ஜெஸ்னர் கரைசல் என்றும் ஒன்று உண்டு. ரெசார்சினால், சாலிசிலிக் அமிலம், லாக்டிக் அமிலம் மூன்றும் சம அளவில், ஒவ்வொன்றும் 14 பங்கு, சாராயத்தில் கரைத்து நூறு பங்காக்கியது. அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவில் புகழோடு இருந்து, ஹிட்லர் ஆட்சியால் வெளியேறி அமெரிக்கா போன மாக்ஸ் ஜெஸ்னரின் பெயரால் வழங்குகிறது.

இன்று சாதாரணமாக 'பீல்' என்று சொல்லும்போது நினைவுக்கு வருகிற பழ அமிலங்கள், அழகுக்காகப் பிறந்தவை அல்ல. உடம்பெல்லாம் மீன்செதில் போலத் தோல் காய்ந்து தடிக்கும் பரம்பரை நோய் ஒன்று இருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவில் யூஜின் வான் ஸ்காட், ரூயி யூ இருவரும் அதற்கு மருந்து தேடும்போது, கிளைகாலிக், லாக்டிக் முதலிய அமிலங்களைப் பூசினால் செதில் கழன்றுவிடுவதைக் கண்டார்கள். 1974-ல் அதை எழுதினார்கள். இறந்த செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கும் பிணைப்பை இந்த அமிலங்கள் தளர்த்துகின்றன. நோய்க்குப் போட்டது சுருக்கத்துக்கும் மங்குக்கும் பயன்பட்டு, 1990-களில் பெருந்தொழிலாகிவிட்டது. கிளைகாலிக் கரும்பிலும், லாக்டிக் புளித்த பாலிலும், டார்டாரிக் புளியிலும் திராட்சையிலும், மாண்டெலிக் கசப்பு வாதுமையிலும் இருப்பவை. 'இயற்கை' என்ற முத்திரை குத்த இது போதுமானதாகிவிட்டது. தயிரில் லாக்டிக் அமிலம் சுமார் ஒரு சதவீதம். டாக்டர் கையில் இருக்கும் புட்டியில் 30 முதல் 90 வரை. இரண்டும் ஒரே பொருள்தான் என்று சொல்வது உண்மை, ஆனால் பயனற்ற உண்மை.

இவற்றுக்குள் தேர்ந்தெடுப்பது மூலக்கூறின் அளவைப் பொறுத்தது. கிளைகாலிக்கின் மூலக்கூறு எடை 76, மாண்டெலிக்கின் எடை 152, சரியாக இரு மடங்கு. சிறியது விருட்டென்று உள்ளே போகும், சில இடங்களில் அதிகமாகவும் சில இடங்களில் குறைவாகவும் பாயும். பெரியது மெதுவாக, சீராக இறங்கும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் மாண்டெலிக்கைப் பலர் விரும்புவது இதனால்தான். சாலிசிலிக் வேறு ஜாதி, எண்ணெயில் கரையும். பருவுக்குக் காரணமான எண்ணெய்ச் சுரப்பியின் துவாரத்துக்குள்ளேயே அது இறங்கிவிடும்.

சென்னையில் ஒரு தோல் மருத்துவரின் சிகிச்சை அறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். கட்டிலில் கல்லூரி மாணவி ஒருத்தி. தலையில் காகிதத் தொப்பி. கன்னத்தில் பரு ஓய்ந்து, கருந்திட்டுகள் மட்டும் மிச்சம். அமிலம் தொடும் முன்பே இரண்டு வாரம் போயிருக்கிறது: தினமும் சன்ஸ்கிரீன், இரவில் ரெட்டினாய்டு களிம்பு, கடைசிச் சில நாள் அதையும் நிறுத்திவைத்தாயிற்று. திரெடிங், வாக்ஸிங், ப்ளீச் எதுவும் கூடாது. உதட்டில் அடிக்கடி அக்கி வருமா, ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதா, கர்ப்பமா, காயம் பட்ட இடம் மேடாக வளருமா என்று கேட்டாயிற்று. காதுக்குப் பின்னால் தொட்டுவைத்துச் சோதித்தும் ஆயிற்று. இப்போது ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் முகத்தின் எண்ணெய்ப் பசையைத் துடைக்கிறார்கள். ஒரு இடத்தில் அழுத்தித் துடைத்து இன்னொரு இடத்தில் மேலாகத் துடைத்தால், அமிலமும் அப்படியே ஏற்றத்தாழ்வாகத்தான் இறங்கும். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டு முனை மூன்றிலும் வாசலின். நெற்றியில் தொடங்கி, கன்னம், தாடை என்று தூரிகை ஓடுகிறது. 30 சதவீத கிளைகாலிக். டைமரைத் தட்டிவிட்டார்கள்.

"எரியுதாம்மா?"

"சுள்ளுன்னு இருக்கு டாக்டர். பொறுத்துக்கலாம்."

அவர் பார்ப்பது டைமரை அல்ல, தோலை. ஒன்றரை நிமிடத்தில் கன்னத்தில் லேசான சிவப்பு பரவுகிறது. மூக்கோரம் ஒரு இடத்தில் சாம்பல் கலந்த வெண்மை தட்டுப்படுகிறது. மூன்று நிமிடம் ஆகட்டும் என்று அங்கே காத்திருக்க முடியாது. மேல்தோல் கழன்றுகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. உடனே அந்த இடத்தில் சோடா உப்புக் கரைசல். நுரை பொங்கி அடங்குகிறது. மீதி முகத்துக்கும் வரிசையாக அதே. இதுவே சாலிசிலிக் என்றால் சோடா உப்பு வேண்டாம். சாராயம் ஆவியானதும் அமிலம் வெள்ளைப் பொடியாக முகத்தில் படியும். தண்ணீரில் துடைத்தால் போய்விடும். அந்தப் பொடியை டி.சி.ஏ.வின் உறை வெண்மை என்று புதிதாகத் தொழில் கற்பவர்கள் குழப்பிக்கொள்வதுண்டு. அறையில் இருக்கும் அனுபவசாலி நர்ஸ் ஒருபோதும் அமிலக் கிண்ணத்தை நோயாளியின் முகத்துக்கு மேலாகக் கை மாற்றமாட்டார். கண்ணில் ஒரு துளி விழுந்தாலும் விபரீதம். கழுவுவதற்கான சலைன் கைக்கெட்டும் தூரத்தில் திறந்தே இருக்கும்.

வீட்டுக்குப் போன மூன்றாம் நாளிலிருந்து தோல் மெல்லிய சருகாக உரியும். பிய்த்து இழுக்கக் கூடாது. இப்படி இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் நாலைந்து முறை வர வேண்டும். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஓடிவந்து "ஒரு பீல் போட்டுவிடுங்கள்" என்று கேட்கும் மணப்பெண்களும் மாப்பிள்ளைகளும் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். 'செக்ஸ் அண்ட் தி சிட்டி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 2002-ல் ஒரு காட்சி: சமந்தா என்ற பாத்திரம் பீல் செய்துகொண்ட கையோடு தோழியின் புத்தக வெளியீட்டுக்கு வந்து, வெந்த இறைச்சி நிற முகத்தோடு விருந்தினர்களைத் திடுக்கிட வைப்பாள். நகைச்சுவைக்காக எழுதியதுதான், ஆனால் நாள் குறித்துக்கொண்டு பீலுக்கு வருபவர்களுக்கு அதைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடையாது.

நம் தோலின் விஷயத்துக்கு இன்னும் நேரம் கொடுக்க வேண்டும். ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் சூரியனுக்குத் தோல் எப்படி எதிர்வினை செய்கிறது என்பதை வைத்து மனிதத் தோலை வகைப்படுத்தினார். முதலில் அதில் வெள்ளைத் தோலின் நான்கு வகைகளே இருந்தன. பழுப்பும் கறுப்பும் ஐந்து, ஆறு என்று பிற்பாடுதான் சேர்க்கப்பட்டன. உலகத்தில் பெரும்பான்மையோரின் தோல் பின்னிணைப்பாக வந்து சேர்ந்தது! இந்தியர்களில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையான வகைகளில் வருகிறார்கள். நிறம் தரும் செல்களின் எண்ணிக்கை எல்லா இனத்தாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நம்முடைய செல்கள் அதிகச் சுறுசுறுப்பானவை, அவ்வளவே. சிறு அழற்சி என்றாலும் மெலனின் என்ற நிறப்பொருளைக் கொட்டும். கொசுக்கடி ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் கறுப்பு நிற்பது அதனால்தான். பீலும் ஓர் அழற்சிதான். கருந்திட்டைப் போக்க வைத்த அமிலம், ஓரிரு நிமிடம் கூடுதலாக இருந்தால், போன திட்டைவிடப் பெரிய திட்டை விட்டுவிட்டுப் போகும்.

இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் 2008-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதை நேராகச் சொல்கின்றன. மேலோட்டமான பீல்களை நம் தோலில் தாராளமாகச் செய்யலாம். நடுத்தர ஆழத்துக்கு எச்சரிக்கை வேண்டும். ஆழமான பீல் இந்தியத் தோலுக்குப் பரிந்துரைக்கத்தக்கதல்ல. முன்கூட்டியே இரண்டு முதல் நான்கு வாரம் தோலைத் தயார் செய்ய வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. பேக்கரின் மூன்று சொட்டுக்கு இங்கே இடமே இல்லை.

மங்குக்கு வருவோம். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் பழுப்புத் திட்டாகப் படரும் மங்கு, கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் தலைகாட்டும். வெயில் அதை வளர்க்கும். பீல் அதை மங்கச்செய்யும், வேரோடு பிடுங்காது. சென்னையில் மார்ச் முதல் ஜூன் வரை நண்பகல் புற ஊதாக் குறியீடு பத்தைத் தாண்டுவது வழக்கம். அந்த வெயிலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் இரண்டு சக்கர வாகனத்தில் போய்வருபவருக்கு எத்தனை பீல் செய்தாலும், அடுத்த கோடையில் மங்கு அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். கழுத்துக் கருமையும் இப்படித்தான். வெல்வெட் மாதிரித் தடித்துக் கறுத்த பின்கழுத்தைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது உடல் பருமனோடும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததோடும் வருவது. அப்படிப்பட்டவருக்கு அமிலத்துக்கு முன்னால் தேவைப்படுவது சர்க்கரைப் பரிசோதனை.

பீல் செய்ய மறுக்க வேண்டிய முகங்களும் உண்டு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய 'நிறம் கூட்டும்' களிம்பை மாதக்கணக்கில் பூசியவர்கள் அவர்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்து 1975-ல் ஆல்பர்ட் கிளிக்மன் உருவாக்கிய கலவையின் வழித்தோன்றல்கள் அந்தக் களிம்புகள். மங்குக்குச் சில வாரங்கள், மருத்துவர் கண்காணிப்பில் பூச வேண்டியவை. நம்மூரில் அவை ஃபேர்னஸ் கிரீமாகிவிட்டன. 2011-ல் வெளியான பல மருத்துவமனைகள் கலந்துகொண்ட இந்திய ஆய்வொன்றில், முகத்தோல் பிரச்சினையோடு வந்தவர்களில் சுமார் 15 சதவீதம் பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. கடைக்குப் போய்க் கேட்டுப் பார்ப்பவர்களுக்கு அந்த ஆணையின் வலிமை தெரியும். ஸ்டீராய்டு தோலை மெலியவைக்கும், ரத்த நாளங்களை வெளியே காட்டும். அந்த மெலிந்த தோலில் வழக்கமான 30 சதவீத அமிலம்கூட அளவுக்கு மீறி இறங்கும். பார்லரில் 'என்ன கிரீம் பூசுகிறீர்கள்' என்று யார் கேட்கிறார்கள்?

வெளுப்பாக்குவது பீலின் வேலை அல்ல. திட்டு மறையலாம், தோல் சீராகலாம், பொலிவு கூடலாம். பிறவி நிறம் மாறாது. மாறுமளவு ஆழமாகச் சுட்டால், முன்னர் சொன்ன பளிங்கு முகமூடிதான் கிடைக்கும்.

மருத்துவர்களும் தங்கள் விதிகளைத் திருத்திக்கொள்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைச் சாப்பிட்டவர்கள் ஆறு மாதம் எந்த பீலும் செய்யக் கூடாது என்பது வெகுகால விதி. 2017-ல் அமெரிக்க நிபுணர்கள் பழைய தரவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். மேலோட்டமான பீல்களுக்கு அந்த ஆறு மாதக் காத்திருப்பை நியாயப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். ஆழமான முறைகளுக்குப் பழைய எச்சரிக்கை நிற்கிறது. பருத் தழும்பு முற்றி நிலைபெறும் முன்பே சிகிச்சை தொடங்க முடிவது இளைஞர்களுக்குச் சிறிய லாபம் அல்ல.

கடைசியாக, வீட்டுக்கே வந்துசேரும் புட்டிகள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில் மக்களை எச்சரித்தது: டி.சி.ஏ., கிளைகாலிக், சாலிசிலிக், லாக்டிக் அமிலங்களை மிகுந்த வலிமையில் இணையத்தில் விற்கிறார்கள். மருத்துவ மேற்பார்வை இல்லாமல் வாங்கவும் வேண்டாம், பூசவும் வேண்டாம். நம்மூரிலும் கைபேசியில் ஒரு தட்டு தட்டினால் அது வீட்டு வாசலுக்கு வருகிறது. லேபிளில் '30%' என்று இருப்பதை மட்டும் பார்த்துப் பயனில்லை, அமிலத்தின் பி.எச். (குறையக் குறையக் கடுமை கூடும்) தெரிய வேண்டும். அதே 30 சதவீத கிளைகாலிக், பி.எச். 1-ல் ஒரு மருந்து, 3.5-ல் வேறு மருந்து. அமெரிக்காவில் 1998-ல் கூடிய நிபுணர் குழு, நுகர்வோர் தாமே பூசும் பொருளில் பழ அமிலம் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, பி.எச். 3.5-க்குக் கீழே இறங்கக் கூடாது என்று வரம்பு கட்டியது. டி.சி.ஏ.வில் இன்னொரு குழப்பம். 30 கிராம் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்து 100 மில்லியாக்குவது மருத்துவர் கணக்கு. முழு வலிமைக் கரைசலை நீர்த்து 30 ஆக்குவது, 100 மில்லி தண்ணீரில் 30 கிராம் போடுவது என்று வேறு கணக்குகளும் நடமாடுகின்றன. ஒவ்வொன்றின் வலிமையும் வேறு. எந்தக் கணக்கு என்று புட்டி சொல்லாது.

எலுமிச்சையைப் பிழிந்து தேய்த்துக்கொண்டு மாடியில் துணி காயவைக்கப் போகிறவர்களும் தப்பவில்லை. எலுமிச்சை இனச் சாற்றில் உள்ள சில பொருள்கள் வெயிலோடு சேர்ந்தால் தோல் வெந்து கொப்புளிக்கும். ஆறிய பிறகும் சாறு வழிந்த கோடு கோடாகவே கறுப்பு நிற்கும்.

வீட்டில் பூசிய அமிலம் எல்லை மீறி எரிந்தால் பற்பசை, ஐஸ்கட்டி, நெய், மஞ்சள் எதையும் தொடக் கூடாது. குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது கால் மணி நேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் இமையை விரல்களால் விரித்துப் பிடித்துக்கொண்டு கழுவ வேண்டும். பிறகு அந்தப் புட்டியைத் தூக்கி எறிந்துவிடாமல், லேபிளோடு கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த அமிலம், எத்தனை சதவீதம் என்பதுதான் அங்கே முதலில் கேட்கப்படும் கேள்வி.